மைத்துளி முதல் மென்படலம் வரை: புரதத்தின் எழுத்துகளைப் படித்த வரலாறு



வகுப்பறையில் நம்மில் பலரும் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. வடிதாளில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, தாளின் அடிநுனியை நீரில் நனைய விடுவோம். நீர் மெல்ல மேலேறும்போது கறுப்பு மை நீலம், ஊதா, மஞ்சள் எனப் பிரிந்து விரியும். மாணவர்கள் வியந்து பார்ப்பார்கள். நாமும் "இதுதான் வண்ணப்பிரிகை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவோம். அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் உடலில் இயங்கும் புரதங்களின் அமைப்பை மாந்தன் முதன்முதலில் எழுத்தெழுத்தாகப் படித்தது அத்தகைய தாளின் துணையோடுதான். அந்தத் தாளில் தொடங்கி, கைவிரல் நகத்தளவு வெண்ணிறப் படலம் ஒன்றில் வந்து சேர்ந்த அந்தப் பயணத்தைப் பற்றியே இவ்விடுகை.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு சரம். அமினோ அமிலங்கள் இருபது வகை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்னும் வரிசையே அப்புரதத்தின் இயல்பைத் தீர்மானிக்கிறது. எழுத்துகளின் வரிசை மாறினால் சொல்லின் பொருள் மாறுவது போன்றது இது. ஆனால், 1940-களின் தொடக்கத்தில் புரதங்களுக்கு அப்படியொரு திட்டவட்டமான வரிசை உண்டென்பதே உறுதி செய்யப்படாமல் இருந்தது.

1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஆய்வு நிலையமொன்றில் கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் ஆகிய மூவரும் தாள் வண்ணப்பிரிகை முறையை வெளியிட்டனர். கம்பளியும் ஒரு புரதமே. அதிலுள்ள அமினோ அமிலங்களைப் பிரித்தறிவதே அவர்களின் நோக்கம். மை போலன்றி, அமினோ அமிலங்கள் தாளில் கண்ணுக்குப் புலப்படமாட்டா. நின்ஹைட்ரின் என்னும் வேதிப்பொருளைத் தெளித்துச் சூடேற்றினால் அவை ஊதா நிறப் புள்ளிகளாகத் தோன்றும். தாளில் பதிந்த கைரேகையை வெளிக்கொணர 1954 முதல் காவல் துறையினர் பயன்படுத்துவதும் இதே நின்ஹைட்ரின்தான். வியர்வையில் அமினோ அமிலங்கள் உள்ளன என்பதே அதற்குக் காரணம். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பிரெடெரிக் சாங்கர் இந்தத் தாளைக் கைக்கொண்டு இன்சுலினை ஆராய்ந்தார். சரத்தின் முதல் மணியில் மஞ்சள் நிறப் பொருளொன்றைப் பிணைத்து, பின்னர் சரம் முழுவதையும் அமிலத்தால் உடைத்து, மஞ்சள் ஏறிய மணி எதுவெனக் காண்பது அவரது முறை. முதல் மணியை அறியலாம். ஆனால், எஞ்சிய சரம் தூளாகிவிடும். ஆகவே சரத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, ஒன்றோடொன்று மேற்படியும் பகுதிகளைக் கொண்டு முழு வரிசையைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இன்சுலினில் இருப்பவை மொத்தம் 51 அமினோ அமிலங்களே. 30 மணிகள் கொண்ட சங்கிலியின் வரிசை 1951-லும், 21 மணிகள் கொண்ட மற்றொன்றின் வரிசை 1953-லும் வெளிவந்தன. இரண்டையும் இணைக்கும் கந்தகப் பிணைப்புகள் 1955-இல் உறுதியாயின. 1958-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 51 எழுத்துகளைப் படிக்க ஏறத்தாழப் பத்தாண்டு!

சாங்கரின் புகழை அனைவரும் அறிவர். இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் பேர் எட்மன். 1916-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்த மருத்துவர் இவர். முதல் மணியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு எஞ்சிய சரத்தைச் சிதையாமல் காக்க முடியுமா என்பதே இவரை ஆட்கொண்ட வினா. லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1950-இல் அதற்கு விடை கண்டார். ஃபீனைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருளைச் சற்றே காரத்தன்மையுள்ள சூழலில் சேர்த்தால் அது சரத்தின் முதல் மணியைப் பற்றிக்கொள்ளும். பின்னர் நீரில்லா அமிலத்தைச் சேர்த்தால், அந்த ஒரு மணி மட்டும் கழன்று வெளியேறும். அது எதுவெனக் கண்டறியலாம். இப்போது இரண்டாம் மணி சரத்தின் முகப்பில் நிற்கும். மீண்டும் அதே செயல். இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போகலாம். "எட்மன் சிதைவு" என்று இம்முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்பது இந்த எளியவனின் கருத்து.

இம்முறையிலும் ஓர் இடர் இருந்தது. அதனை நம் வகுப்பறைக் காட்சியொன்றால் விளக்கலாம். நூறு மாணவர்கள் ஒரே குரலில் வாய்ப்பாடு ஒப்புவிக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கு இருவர் பின்தங்கிவிடுகிறார்கள். முதல் சில வரிகள் தெளிவாகவே கேட்கும். முப்பதாவது வரியில் சரியான இடத்தில் நிற்போர் ஏறத்தாழ 55 பேர்; அறுபதாவது வரியில் 30 பேர். மற்றவர்கள் முந்தைய வரிகளைச் சொல்லிக்கொண்டிருப்பதால் இரைச்சலே மிஞ்சும். எட்மன் சிதைவிலும் ஒரு சுற்றில் நூற்றுக்கு 98 மூலக்கூறுகள் சரியாக மணியைக் கழற்றினால் இதுவே நிகழும். ஒரு சுற்றுக்கு 90 மட்டுமே தேறினால், இருபதாவது சுற்றிலேயே நூற்றுக்கு 12-தான் எஞ்சும்.

1957-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குக் குடிபெயர்ந்த எட்மன், அங்குள்ள செயின்ட் வின்சென்ட் மருத்துவ ஆய்வுப் பள்ளியில் ஜெஃப்ரி பெக் என்பவருடன் சேர்ந்து இவ்வேலையைத் தானாகவே செய்யும் பொறியொன்றை உருவாக்கினார். சுழலும் கிண்ணமொன்றின் உட்சுவரில் புரதம் மெல்லிய ஏடாகப் படிந்திருக்க, வினைபொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் பாய்ந்து வெளியேறும். 1967-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மயோகுளோபின் புரதத்தில் முதல் 60 அமினோ அமிலங்களை வரிசையாகப் படித்துக் காட்டினர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 சுற்றுகள். ஒவ்வொன்றிலும் 98 விழுக்காட்டிற்கு மேற்பட்ட விளைச்சல். ஆயினும் அப்பொறிக்குச் சில மில்லிகிராம் தூய புரதம் தேவைப்பட்டது. திமிங்கிலத்தின் தசையில் மயோகுளோபினுக்குப் பஞ்சமில்லை. ஆனால், உடலில் அரிதாகக் கிடைக்கும் புரதங்களை என்ன செய்வது?

இந்த "அரிது" என்னும் சொல்லின் எடையை உணர ஓர் எடுத்துக்காட்டு போதும். சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர் பலருக்கு இரத்தச்சோகைக்காக ஊசி போடப்படுவதை நம் உறவினர், அண்டை அயலார் இல்லங்களில் கண்டிருப்போம். எரித்ரோபொய்ட்டின் என்னும் புரதமே அந்த மருந்து. சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசர் 1955 முதல் இப்புரதத்தைத் தேடி அலைந்தார். ஜப்பானின் மியாக்கே என்னும் ஆய்வாளர், ஒருவகைக் கொடிய இரத்தச்சோகை நோயாளிகளிடமிருந்து திரட்டிய 2550 லிட்டர் சிறுநீரை உலர்த்தி அவரிடம் கொண்டு சேர்த்தார். அத்தனையிலிருந்தும் 1977-இல் அவர்கள் தூய்மையாக்கிப் பெற்றது சில மில்லிகிராம் மட்டுமே. இருபதாண்டுக்கு மேலான உழைப்பு அது! அதைச் சுழலும் கிண்ணத்தில் ஊற்றி வீணாக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நல்லது. புரதத்தின் வரிசையைப் படிப்பது வெறும் அறிவுப் பசிக்காக மட்டுமன்று. வரிசையில் சில எழுத்துகள் தெரிந்தால், அதற்குரிய மரபணுவின் எழுத்துகள் எவையாக இருக்கக்கூடும் எனக் கணித்து, செயற்கையாக ஒரு தூண்டிலைச் செய்து, மனித மரபணுக்கடலில் வீசலாம். எரித்ரோபொய்ட்டினின் மரபணுவை அம்ஜென் நிறுவனத்தில் தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின் 1983-இல் இவ்வழியில்தான் பிடித்தார். 1989-இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

குறைந்த அளவுப் புரதத்தையும் படிக்கும் பொறி 1981-இல் வந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹெவிக், ஹங்காப்பில்லர், ஹூட், டிரையர் ஆகிய நால்வர் சுழலும் கிண்ணத்தை நீக்கிவிட்டு, கண்ணாடி இழையால் ஆன ஒரு சிறு வட்டில் புரதத்தை வைத்தனர். காரத்தையும் அமிலத்தையும் திரவமாகப் பாய்ச்சாமல் ஆவியாகச் செலுத்தியதால் புரதம் அடித்துச் செல்லப்படாமல் நின்றது. இப்போது தேவைப்பட்டது மில்லிகிராம் அன்று; ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவே போதும் என்னும் நிலை வந்தது. மூளையை அரிக்கும் பிரியான் நோய்க்குரிய புரதத்தின் முதல் எழுத்துகளை 1984-இல் புருசினரும் ஹூடும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய பொறியின் உதவியோடு படித்தனர். அதைக் கொண்டு 1985-இல் மரபணு கண்டறியப்பட்டபோது, அது நோய்க்கிருமியிடமிருந்து வந்ததன்று, நம் உடலிலேயே உள்ளது என்று தெரிந்து உலகம் திகைத்தது.

பொறி தயார். ஆனால், ஒரு மைக்ரோகிராம் புரதத்தை எப்படித் தூய்மையாக்குவது? நம் கதையின் நடுமையம் இதுதான்.

புரதக் கலவையைப் பிரிக்க மிகச் சிறந்த வழி கூழ்மத்தில் மின்சாரம் செலுத்துவது. அகார்-அகார் போன்ற மெல்லிய தகடொன்றில், சவர்க்காரத் தன்மையுள்ள எஸ்.டி.எஸ். என்னும் பொருளுடன் புரதங்களை ஓடவிட்டால் சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். இந்த எஸ்.டி.எஸ். நம் வீட்டுத் தலைமுடிக் கழுவியிலும் பற்பசையிலும் இருப்பதுதான். 1970-இல் லேம்லி செம்மைப்படுத்திய இம்முறையால் நூறு புரதங்களும் நூறு கோடுகளாகப் பிரிந்து நிற்கும். ஆயினும் அந்தக் கோட்டிலுள்ள புரதம் கூழ்மத்திற்குள் சிக்கிக்கிடக்கிறது. கூழ்மத்தோடு பொறியில் வைக்க முடியாது. கூழ்மத்தைக் கரைத்து எடுத்தாலோ உப்பும் சவர்க்காரமும் கூடவே வரும். புரதத்தில் பாதி வழியிலேயே தொலைந்துவிடும். கண்ணால் காண முடிகிறது, கையில் எடுக்க முடியவில்லை.

இதற்கான வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. எடின்பரோவில் எட்வின் சதர்ன் 1975-இல் மரபணுத் துண்டுகளைக் கூழ்மத்திலிருந்து ஒரு மென்படலத்திற்கு ஒற்றியெடுக்கும் முறையை வெளியிட்டார். மைத்தாளால் ஒற்றுவது போன்றதே. அவருடைய பெயர் ஆங்கிலத்தில் "தெற்கத்திய" என்று பொருள்படுவதால், ஆர்.என்.ஏ.-வை ஒற்றும் முறைக்கு விளையாட்டாக "வடக்கு" என்று பெயர் வைத்தார்கள். 1979-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டோபின், ஸ்டேலின், கோர்டன் ஆகியோர் மின்சாரத்தின் துணையால் புரதங்களை நைட்ரோசெல்லுலோஸ் படலத்திற்கு மாற்றிக் காட்டினர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த பர்னெட் 1981-இல் புரத ஒற்றலுக்கு "மேற்கு" என்று பெயர் சூட்டினார். ஒரு மனிதரின் குடும்பப் பெயரிலிருந்து திசைகள் பிறந்தது அறிவியல் உலகின் நகைச்சுவை.

புரதம் இப்போது படலத்தின் மேற்பரப்பில் வந்து அமர்ந்துவிட்டது. அப்படியே வெட்டிப் பொறியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். நைட்ரோசெல்லுலோஸ் அந்தப் பொறியின் கரைப்பான்களுக்கும் அமிலத்திற்கும் தாக்குப்பிடிக்காது. 1985, 1986-ஆம் ஆண்டுகளில் பெல்ஜியத்தில் வாண்டெகெர்க்கோவ் குழுவினரும், கலிபோர்னியாவில் ஏபெர்சோல்ட் குழுவினரும் கண்ணாடி இழைத் தாளுக்கு வேதிப்பூச்சுகள் ஏற்றி அதன்மேல் புரதத்தை ஒற்றிப் பார்த்தனர். வெற்றியும் கண்டனர். ஆனால், அத்தாளை ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தானே பக்குவப்படுத்த வேண்டியிருந்தது.

1987-இல் அமெரிக்காவின் ஒயிட்ஹெட் கழகத்தைச் சேர்ந்த பால் மட்சுடைரா தனியொருவராக ஒரு கட்டுரை வெளியிட்டார். பி.வி.டி.எஃப். எனப்படும் பாலிவினைலிடின் டைஃபுளோரைடு படலத்தில் புரதத்தை ஒற்றி, கோட்டை வெட்டி, நேராகப் பொறியில் வைத்துப் படிக்கலாம் என்பதே அதன் சாரம். இப்பொருள் நமக்குப் புதிதன்று. டெஃப்லானின் நெருங்கிய உறவு இது. மீன்பிடிப்போர் வாங்கும் ஃபுளோரோகார்பன் தூண்டில் நரம்பு இதனால் செய்யப்படுவதே. அமிலத்திற்கும் கரைப்பானுக்கும் அசைந்து கொடுக்காது. நீரை ஏற்காத இயல்புடையதால், புரதத்தின் நீர் விரும்பாப் பகுதிகள் அதில் இறுக ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் முதலில் படலத்தை மெத்தனாலில் சில நொடிகள் நனைத்தால்தான் அது நீரை உள்ளே விடும். இப்படலம் ஏற்கனவே கடையில் கிடைத்தது என்பது இன்னொரு சிறப்பு.

அவரது செய்முறையைப் படிக்கும்போது, ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு காரணம் மறைந்திருப்பதைக் காணலாம். கூழ்மத்தை உடனே பயன்படுத்தாமல் ஓரிரவு விட்டுவைப்பார்கள். கூழ்மமாக மாறாமல் எஞ்சிய வினைபொருள்கள் புரதத்தின் முதல் மணியோடு வினைபுரிந்து அதை மூடிவிடும் என்பதே காரணம். மூடப்பட்ட மணியை எட்மனின் வினைபொருள் பற்ற இயலாது. மீறி எஞ்சியிருப்பதை அழிக்க, தயோகிளைக்கோலேட் என்னும் பொருளை மின்னோட்டக் கரைசலில் சிறிதளவு சேர்ப்பார்கள். அடுத்து ஒற்றும் கரைசல். புரத ஒற்றலுக்கு வழக்கமாகப் பயன்படுவது கிளைசின் கலந்த கரைசல். ஆனால், கிளைசின் இருபது அமினோ அமிலங்களில் ஒன்று! படலத்தில் அது தங்கிவிட்டால், பொறி எல்லாச் சுற்றுகளிலும் "கிளைசின், கிளைசின்" என்றே கூவும். எனவே மட்சுடைரா கேப்ஸ் என்னும் வேறு கரைசலை, காரத்தன்மை எண் 11 அளவில், பத்து விழுக்காடு மெத்தனாலோடு பயன்படுத்தினார். அரை மணி நேரத்திற்குள் ஒற்றல் முடிந்துவிடும்.

பின்னர்ச் சாயமேற்றல். குமாசி நீலம் என்னும் சாயத்தில் ஐந்து நிமிடம், மிகுதிச் சாயத்தை நீக்கிட மேலும் சில நிமிடம். இச்சாயம் கம்பளிக்கு நிறமேற்றப் பிறந்தது. பெயரோ இன்றைய கானா நாட்டிலுள்ள, 1896-இல் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய குமாசி நகரத்திலிருந்து வந்தது. ஒரு பேரரசின் போர் வெற்றி சாயப்புட்டியின் பெயராகி, பின்னர் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களில் நிலைத்துவிட்டது. கம்பளியும் புரதம் என்பதை நினைவுகூர்ந்தால், அச்சாயம் ஏன் புரதத்தைப் பற்றுகிறது என்பது தானே விளங்கும். இறுதியாகத் தூய நீரில் நன்கு அலசி, உலர்த்தி, நீலக்கோட்டை மட்டும் கத்தியால் வெட்டி உறைநிலைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் கையுறை அணிந்தே செய்ய வேண்டும். கைரேகையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 50,000 டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தில் பத்து பிக்கோமோல் என்றால் அரை மைக்ரோகிராம். அத்துணைச் சிறிய அளவைப் படிக்கும்போது, வெறும் விரலால் ஒருமுறை தொட்டாலே போதும். வியர்வையில் உள்ள அமினோ அமிலங்கள் புரதத்தின் குரலை அமிழ்த்திவிடும். பல மாத உழைப்பு ஒரு விரல் தீண்டலில் போய்விடும்.

அனைத்தையும் சரியாகச் செய்தும் பொறி ஒன்றுமே சொல்லாமல் ஊமையாக நிற்பதுண்டு. உயிரணுவே பல புரதங்களின் முதல் மணியை அசிட்டைல் தொகுதியால் மூடி வைத்திருக்கிறது. 1976-இல் பிரவுனும் ராபர்ட்சும் எலியின் ஒருவகைப் புற்று உயிரணுக்களில் ஆராய்ந்தபோது, கரையும் புரதங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவ்வாறு மூடப்பட்டவை எனக் கண்டனர். இதற்கும் வழி படலத்திலேயே கிடைத்தது. 1987-இல் ஏபெர்சோல்ட் குழுவினர் நைட்ரோசெல்லுலோஸ் படலத்தில் ஒட்டியிருந்த புரதத்தின் மேல் டிரிப்சின் போன்ற நொதியை ஊற்றித் துண்டாக்கி, உதிர்ந்த துண்டுகளைப் பிரித்துத் தனித்தனியே படித்தனர். நொதியே படலத்தில் ஒட்டிக்கொள்ளாதிருக்க, வெற்றிடங்களை முன்கூட்டியே வேறொரு பொருளால் நிரப்பினர். தலைவாயில் பூட்டியிருந்தால் பக்கச் சுவரைத் திறந்து நுழைவது போன்ற உத்தி இது.

ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இம்முறையே கோலோச்சியது. பின்னர் நிறைமாலைமானி வந்தது. புரதத்தை ஆவியாக்கி எடையறியும் வழிகளைக் கண்ட ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாக்காவும் 2002-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1996-லேயே ஷெவ்சென்கோ, வில்ம், மான் முதலியோர் வெள்ளிச் சாயமேற்றிய கூழ்மக் கோடுகளிலிருந்தே புரதத்தை அடையாளம் காணும் வழியைக் காட்டிவிட்டனர். முதல் மணி மூடியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. எனினும் எட்மனின் முறை அடியோடு மறையவில்லை. புரத மருந்தொன்றின் சரம் சரியான முதல் எழுத்தில்தான் தொடங்குகிறதா என உறுதிப்படுத்த இன்றும் அதனை நாடுகிறார்கள். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை கொண்டவை. எடையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே, எட்மனின் முறையோ அவற்றை வேறுபடுத்திக் காட்டிவிடும்.

எட்மன் 1972-இல் ஜெர்மனிக்குச் சென்று, 1977-இல் மறைந்தார். தம் வேதிவினை ஒரு துண்டுப் படலத்தின் மேல் நிகழ்வதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. மட்சுடைரா நமக்கு அருகிலேயே வந்தார். 2009-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஜோகூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அது பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவு.